வலக் கன்னம்

காலையில் சரீனாவிலிருந்து வடக்கே,
மாலையில் மக்காயிலிருந்து தெற்கே.
போகும்போதும் வரும்போதும்
வெயில் வந்து உட்காரும் இருக்கை
என் வலக் கன்னம்தான்.
டிக்கெட் எடுக்காத ஒரே பயணி.

பள்ளிப் பேருந்து ஓட்டத் தொடங்கி ஏழு வருஷம்.
மங்கு வந்து ஒன்பது.
வெயில் அதை வரவழைக்கவில்லை,
சோறு போட்டு வளர்த்தது, அவ்வளவுதான்.
ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டக் கேட்டேன்;
அதற்கு டிப்போவில் ஒரு படிவம் இருக்கிறதாம்.
மங்கு சனி முடிந்து
பொங்கு சனி தொடங்கியாச்சு என்று
கோவில்பட்டியிலிருந்து அண்ணி போன் பண்ணினாள்.
கன்னத்துக்கு யாரும் சொல்லவில்லை.

லீயானிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்:
வெளுக்க வரவில்லை.
இடப்பக்கம் அப்பா தந்த நிறம், அது இருக்கட்டும்.
வலது அதற்குச் சமமானால் போதும்.
"உங்கள் தோலுக்கு அவசரம் ஆகாது,
அளவு மீறினால் இன்னும் கறுக்கும்" என்றாள்.
நேர்மையான பெண்.

படிவம் நீட்டினாள்.
மாத்திரைகள். ஒவ்வாமை. வாயோரக் கொப்புளம்.
கருவுற்றது எத்தனை முறை.
பிள்ளைகள் எத்தனை.
ஒரு கட்டத்தில் ஒன்று எழுதினேன்,
அடுத்ததில் சைபர்.
வாசித்தாள். பேனாவை மூடினாள்.

சின்ன வயதில்
கணக்கு வாத்தியார், அம்மா, டியூஷன் அக்கா
எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்
"தோலை உரிச்சிடுவேன்" என்று.
ஒருவரும் செய்யவில்லை.
இங்கே தடவைக்கு நூற்றுத் தொண்ணூறு டாலர் கட்டிக்
கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன்.

"இந்த அமிலம் கரும்பில் இருப்பதுதான்" என்றாள்.
ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்கக் கரும்பு.
ஜூலை, அரைவைக் காலம்,
காற்றில் பாகு வாசம்.
தித்திப்புக்குள் இப்படி ஓர் எரிச்சலா?
தூரிகை நெற்றி தொட்டு மூக்கு தொட்டுக்
கன்னத்தில் நின்றது.
முதலில் குளிர். அப்புறம் ஒரு கட்டெறும்பு.
அப்புறம் அதன் சொந்தபந்தம்.
"மூன்று நிமிடம். எதையாவது எண்ணுங்கள்."

கரும்பு ரயிலை எண்ணினேன்.
தண்டவாளம் குறுக்கிடும் இடத்தில்
சிவப்பு விளக்கு மினுங்கும்; வண்டியை நிறுத்தி
பிள்ளைகளோடு சேர்ந்து தொட்டி எண்ணுவேன்,
வலப்பக்கம் வேக வேக.
நூற்றுப் பன்னிரண்டாவது தொட்டியில்
சோடா நீர் வந்து அணைத்தது.

நான்காம் நாள் உரிந்தது.
வாயோரம் முதலில், அதிகம் அசைகிற இடம்.
பிய்க்கக் கூடாது.
ஸ்டியரிங்கில் விரல்கள்
ஒன்றையொன்று காவல் காத்தன.
டால்டன், ஏழு வயசு, முன்வரிசை,
கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"மிஸ் ஷென், நீங்க பாம்பா?"
"ஆமா. பெல்ட்டைப் போடு."
அன்று முழுப் பேருந்தும் பெல்ட் போட்டிருந்தது.

செண்பகவல்லி அவர்கள் வாயில் ஷென் ஆனதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தேன்,
மடியில், வெங்காயச் சருகாக.

கருப்பு, கரு, கரும்பு:
அகராதியில் அடுத்தடுத்த வீடு.
நாலாம் மாதத்தில் வந்தது இந்த நிறம்.
ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் அறையில்
திரையை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.
வந்த இரண்டில் ஒன்று போயிற்று.
ஒன்று
போக வழி தெரியாமல் முகத்திலேயே நின்றுவிட்டது.

செப்டம்பரில் ஐந்தாவது தடவை.
காதோரம் கட்டைவிரல் அகலம் மட்டும் மிச்சம்.
"இன்றோடு முடிந்துவிடும்" என்றாள் லீயான்,
வாசலின் டப்பாவைத் திறந்துகொண்டே.
உதட்டோரம், கண்ணோரம், மூக்கு மடிப்பு,
அமிலம் தொடக் கூடாத இடங்களுக்கு அது.
அவள் விரலைப் பிடித்துக்
காதோரம் கொண்டுபோய் வைத்தேன்.
"இங்கேயும்."

தடவினாள். தடிப்பாகவே.

எண்ணத் தொடங்கினேன்.
எத்தனையாவது தொட்டி என்பது பாதியில் மறந்தது.
சோடா நீர் வந்தபோது
ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது.