நிற்காது

பிளான்டயர் உயர் நீதிமன்றத்தில் துபாஷி நான்.
பதினோரு வருடம்.
அங்கிருந்து இங்கிலீஷில் சொல்வதைச் சிச்சேவாவில் சொல்வேன்.
இங்கிருந்து சிச்சேவாவில் அழுவதை
இங்கிலீஷில் அழாமல் சொல்வேன்.
சம்பளம் அதற்குத்தான்.

அன்று ஷைரே ஆற்றங்கரையிலிருந்து
நாற்பத்தொரு பேர் ஒரே லாரியில்.
வாய்க்கால் மதகைக் கரும்புக் கம்பெனி பூட்டிவிட்டது,
நாற்று நட்ட பன்னிரண்டாம் நாள்.
பெஞ்சு போதாமல் பாதிப் பேர் சுவரோரம்.
தெலேஸா மடியில்
மூன்று பூட்டுப் போட்ட மரப்பெட்டி,
சாவிகள் மூன்று பெண்களிடம்.
வாசலில் காவலர் திறக்கச் சொன்னபோது
மூவரையும் தேடிப் பிடித்துத்தான் திறக்க முடிந்தது.
உள்ளே கசங்கிய குவாச்சா நோட்டுகள்,
வரவு எழுதிய பள்ளிக்கூடப் புத்தகம்,
பாதி சோப்பு.

மனுதாரர் பெயர் திக்விரானே.
ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வோம் என்று பொருள்.
பதிவு எண் எழுதும் இடத்தில்
ஒரு சின்னக் கோடு.

கம்பெனி வக்கீல் எழுந்தார்.
கோபமே இல்லாத குரல்.
"இப்படி ஓர் ஆள் சட்டத்தின் முன் இல்லை.
ஆள் இல்லாத கேஸ் நிற்காது."

இதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.
கம்பெனி ஓர் ஆள் என்கிறது சட்டம்.
அதை இதுவரை ஒரு கொசு கடித்ததில்லை.
இந்த நாற்பத்தொருவரும்
தனித்தனியே ஆட்கள்தாம்,
சேர்ந்து உட்கார்ந்ததும் யாருமில்லை.
எந்த வாய்ப்பாட்டில் வருகிறது
இந்தக் கூட்டல்?

"காகிதம் உங்களை இன்னும் பார்க்கவில்லை,"
என்றேன்.

ஜூனியர் வக்கீல் எங்கள் பக்கத்துப் பையன்.
சட்டென்று எழுந்தான்.
"துபாஷி மழுப்புகிறார்."
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
சரி.
உள்ளதை உள்ளபடி சொன்னேன்:

"நீங்கள் இல்லை."

யார் முதலில் சிரித்தது, தெரியாது.
சுவரோரம் கிளம்பியது
பெஞ்சுக்கு வந்தது
மடியில் பெட்டி குலுங்கிற்று.
"அமைதி!" என்றார் நீதிபதி.
அதையும் மொழிபெயர்த்தேன்.
யாரை அடக்குகிறோம் என்று
அவருக்கே ஒரு கணம் தடுமாறியது.

பிறகு பிஸிவிக் பேசினான், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.
"எங்கள் பக்கம் கூரையைத் தரையில் வைத்து முடைவோம்.
முடைந்ததும் எல்லோரும் உள்ளே புகுந்து
தலையால் தூக்கிச் சுவர்மேல் வைப்போம்.
ஒற்றைத் தலை கூரை சுமக்காது, ஐயா.
ஆளுக்கொரு பிடி புல்லோடு
தனித்தனியாக வா என்றால்
அதற்குப் பெயர் கூரையா?"

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.
எழுத்தர் பதிவு செய்தது:
மனுதாரர் தரப்பில் கூரை பற்றி ஏதோ கூறப்பட்டது.

வக்கீல் கடைசியாக
வழக்குச் செலவைக் கேட்டார்.
நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.
"யாரிடமிருந்து?"

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.
இன்னொரு சுற்று.
வக்கீல் தம் காகிதக் கட்டைப் புரட்டினார்,
அதில் நாங்கள் யாரும் இல்லை.
நாங்கள் என்றா சொன்னேன்?
அடித்துவிடுங்கள். அவர்கள்.

உத்தரவு:
மனு தள்ளுபடி. செலவு இல்லை.
இருபத்தொரு நாளுக்குள்
அவரவர் பெயரில், அவரவர் கைரேகையில்,
அவரவர் கட்டணத்தோடு வரலாம்.
இருபத்தொரு நாள் நாற்று என்ன செய்யும் என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்காததை மொழிபெயர்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

படிக்கட்டில் தெலேஸா என்னை நிறுத்தினாள்.
"நாற்பத்தொரு கட்டணத்தையும்
இந்தப் பெட்டியிலிருந்தே கட்டலாமா?
இது யாருடைய பணமும் இல்லையாமே."

சட்டம் எனக்குத் தெரியாது, நான் துபாஷி, என்றேன்.

அவள் கூப்பிட்டாள். மற்ற இரு சாவிகளும்
லாரியிலிருந்து இறங்கி வந்தன.
நடுப்பூட்டு துருவேறியிருந்தது.
கொஞ்ச நேரம் பிடித்தது.