பதினைந்து வினாடி

மலபார் என்றால் கேரளக் கரை அல்ல,
போர்ட் எலிசபெத்தில்
எங்கள் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிய பேட்டை.
காற்றுக்கு இங்கே ஓய்வுநாள் கிடையாது.
இன்றிரவும் கராஜ் கதவு
தாளம் தப்பித் தப்பி அடிக்கிறது.

சாப்பாட்டு மேசையை முழுசாக அடைத்துக்கொண்டு
ஏலத்தில் எடுத்த திரை.
மூடிப்போன கால்சென்டரின் சொத்து,
ஆயிரத்து எண்ணூறு ராண்ட்.
பின்சீட்டில் சாய்த்து, பெல்ட் போட்டுக் கூட்டிவந்தேன்.
முதுகில் இன்னும் 'மேசை 41' என்ற துண்டுச்சீட்டு.
நகத்தால் சுரண்டினேன், பாதிதான் வந்தது.

லேப்டாப்புக்கு ஒன்பது வயது.
கீல் போய் டேப் ஒட்டியது.
ஸ்பேஸ்பாரை இரண்டு தரம் தட்டினால் ஒரு தரம் விழும்.
இடுப்பில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளை,
கடல் உப்பு தின்று பச்சை படர்ந்தது.

சொருகினேன்.
வந்தது, ஆனால் இழுபட்டு வந்தது.
கம்பெனி முத்திரையின் சக்கரம் முட்டையாகிவிட்டது.
முகப்புப் படத்தில் நான் அகன்று
என் பெரியம்மாவாகியிருந்தேன்.

ஸ்பீக்கரில் லுவாண்டிலே.
பதினோரு வருஷமாக அடுத்த மேசைக்காரன்.
துறைமுகத்துக்குக் கார் ஏற்றிப்போகும்
லாரிகளின் நேரமெல்லாம் அவன் கையில்,
எல்லோருடைய சம்பளமும் என் கையில்.
"சிசி, கேபிளைத் திட்டாதே. கேபிள் நல்லது.
துளைக்குத்தான் தொண்டை சின்னது.
அணைக்கட்டைத் தோட்டக் குழாயில் இறக்கப் பார்க்கிறாய்.
அறுபது ஹெர்ட்ஸ் கேட்டால் தராது, முப்பது கேள்.
அம்பு கொஞ்சம் குடித்த மாதிரி நடக்கும்.
சம்பளக் கணக்குக்கு அது போதும்."

சம்பளத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு
அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
மூவாயிரத்து நானூற்று நாற்பது.
ஆயிரத்து நானூற்று நாற்பது.
அவன் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம்,
தூங்க மறுக்கும் ஒரு குழந்தை,
அதை ஹோசாவில் அதட்டி, என்னிடம் திரும்பி,
"இப்போ ஓகே கொடு."

இருண்டது.
கராஜ் கதவு ஒரு தரம் அடித்தது.
பிறகு வந்தது, கரையிலிருந்து கரைக்கு.
நடுவில் மட்டும் சின்னதாய் ஒரு பெட்டி:
இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?
பதினைந்து வினாடியில் பழையபடி திரும்பிவிடும்.

இத்தனை வருஷம் இந்தத் தாளைச்
சாவித்துவாரத்தில் பார்த்திருக்கிறேன்.
பெயர், எண், நாட்கள், கூடுதல் நேரம்,
அங்கே கண்ணாடி முடிந்துவிடும்,
நானும் நிறுத்திவிடுவேன்.
இப்போது தாள் நிற்கவில்லை.
பிடித்தம், முன்பணம், சீருடை,
அதற்கும் அப்பால், நான் போடாத
சாம்பல் நிறத்தில் ஒரு பத்தி:
கடைசி நாள்.

பதினொன்று.
அநேகமாக எல்லாம் வெற்றுக் கட்டம்.
நாலே வரிசையில் தேதி.
இரண்டாவது வரிசையில் லுவாண்டிலே.
இந்த மாதம் முப்பது.

எட்டு.
என் வரிசையைத் தேடினேன்.
காலி.
அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து
நான் விட்ட மூச்சு
எனக்கே சத்தமாகக் கேட்டது.

"முழுசும் தெரியுதா, சிசி?
கடைசி ஓரம் வரைக்கும்?"

நாலு.
அம்பு தள்ளாடிக்கொண்டு கிளம்பியது.
'வைத்துக்கொள்' பொத்தான்
அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று
நான் நினைக்கவில்லை.
அல்லது நினைத்தேன்.

இருட்டு.
பிறகு முட்டைச் சக்கரம்,
வீங்கிய எண்கள்,
கூடுதல் நேரத்தோடு முடிந்துபோகும் தாள்.

"போச்சா?"
"போச்சு."
"பரவாயில்லை, எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தான்.
திரும்ப அடி. இந்தத் தரம் சீக்கிரம் அழுத்து.
எனக்கு ஒன்றும் அவசரமில்லை,
நான் லைனில்தான் இருக்கிறேன்."