அட்டையில் ஒரு திருத்தம்

புந்தா அரேனாஸில் காற்றுதான் முதல் குடிமகன்.
மற்றவர்கள் வழிவிட்டு
சாய்ந்தே நடக்கிறோம்.
ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நாய்க் காப்பகத்தில்
கூண்டுக்கொரு அட்டை எழுதுவது என் வேலை.

சோபாவைக் கிழித்தவனுக்கு, 'துடிப்பானவன்.'
இரவெல்லாம் குரைப்பவளுக்கு, 'நல்ல காவல்.'
கல்யாணத் தரகர் தோற்றார் போங்கள்.

போல்தோவுக்கும் அப்படித்தான் எழுதினேன்.
மூன்று முறை போனான்.
முதல் வீட்டில் ஒன்பது நாள்.
அடுத்ததில் ஒரு மாதம்.
கடைசி வீட்டில் ஒரே ஒரு மதியம்;
திருப்பிக் கொண்டுவந்தவர்
காரின் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை.
ஒவ்வொரு முறையும் நேரே நான்காம் கூண்டுக்குப் போய்
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்,
பழைய வாடகைக்காரன் மாதிரி.

ஜூனில், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்ட ஒரு நாள்
பழைய அட்டையைக் கிழித்துவிட்டு
உள்ளதை எழுதினேன்:

ஆறு வயது. இருபத்தெட்டு கிலோ.
இடது காது பாதிதான்; மீதி எங்கே என்று தெரியாது.
சாப்பிடும்போது பக்கத்தில் வராதீர்கள்.
ஒற்றைச் செருப்பு வைத்திருக்கிறான், அதைக் கேட்காதீர்கள்.
தலைக்குமேல் உயரும் கை அவனுக்குப் பிடிக்காது,
ஆகவே அந்தக் கையைப் பிடிப்பான்.
ஒரு முறை, இரண்டு தையல். கை என்னுடையது.
குடைக்குப் பயம்.
(மழை ஓயாத வால்திவியாவில் பிறந்தவன்.
இங்கே குடை விரித்தால் காற்று அதை ஜலசந்திக்குக் கொண்டுபோய்விடும்
என்ற நல்ல செய்தியை
அவனுக்கு எப்படிச் சொல்வது?)
கதவுக்குப் பயம்.
குழந்தைகள் வேண்டாம். பூனை வேண்டவே வேண்டாம்.
அவசரக்காரர்கள் மூன்றாம் கூண்டைப் பாருங்கள்.

மேலாளர் ரொசமெல் படித்துவிட்டு
"இது விளம்பரமா, குற்றப் பத்திரிகையா?" என்றார்.
கழற்றவில்லை.

ஏழு வாரம் யாரும் அதை முழுதாகப் படிக்கவில்லை.
நெல்தா ஒயார்சுன் படித்தாள்.
நண்டு ஆலையில் ஓடு உடைக்கும் வேலை;
விரல்களில் வெடிப்பு, சட்டையில் கடல் வாடை.
உதடு அசைய இரண்டாம் தடவையும் படித்தாள்.
கடிப்பானா என்று கேட்கவில்லை.
"எந்தக் கால் செருப்பு?" என்றாள்.

நான் கவனித்ததே இல்லை.
போய்ப் பார்த்தோம். இடது.

சனிக்கிழமைதோறும் வந்தாள்.
கம்பிக்கு வெளியே, அவனுக்கு முதுகு காட்டி,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
ரொட்டி தின்றாள். அவ்வளவுதான்.
கூப்பிடவில்லை. கொஞ்சவில்லை.
ஐந்தாம் சனி அவன் குரைப்பதை நிறுத்தினான்.
ஆறாம் சனி மறுபடி தொடங்கினான்.
ஒன்பதாவதில்
கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி
அவள் பூட்ஸின் குதிகாலை
வெகுநேரம் படித்தான். இரண்டு தடவை.

கையெழுத்துப் போட்டு அவள் கூட்டிப்போன அன்று
நான்காம் கூண்டைக் கழுவிவிட்டேன்.
வேறு யாரையும் அதில் விடவில்லை.
ரொசமெல் கேட்டதற்கு, குழாய் ஒழுகுகிறது என்றேன்.

மூன்றாம் நாள் போன்: கட்டிலுக்கு அடியில் இருக்கிறான்.
பன்னிரண்டாம் நாள்: எரிவாயு கொண்டுவந்தவரின் கால்சட்டை போச்சு,
காசு கொடுத்துவிட்டேன்.
பத்தொன்பதாம் நாள்: என் கையையும்தான்.
தப்பு என்னுடையது,
மேல்தட்டில் இருந்த சர்க்கரைக்குக் கையைத் தூக்கினேன்.

அதன்பின் மணி அடிக்கவில்லை.
கொத்திலிருந்து நான்காம் கூண்டின் சாவியைக் கழற்றி
மேசைமேல் வைத்திருந்தேன்.
காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன்,
அதற்குப் பிறகுதான் காப்பி.

நாற்பத்தொன்றாம் நாள் அழைத்தாள்.
பின்னால் அவன் மூச்சு கேட்டது, அல்லது காற்றோ என்னவோ.
"உங்கள் அட்டையில் ஒரு பிழை இருக்கிறது" என்றாள்.
"எழுதிக்கொள்ளுங்கள்.
அவனுக்குக் கதவென்றால் பயமில்லை.
ஆள் வெளியே போய்ச் சாத்துகிற கதவுதான் பயம்.
நான் உள்ளே இருந்துகொண்டு சாத்தினால்
தூங்கிவிடுகிறான்."

எழுதிக்கொண்டேன்.
பிறகு ரொசமெலிடம் போய்
குழாய் சரியாகிவிட்டது என்றேன்.