பதினோரு கிலோ நானூறு

கேசட் வந்திருக்கு என்றேன்.
என்ன பாட்டு என்றாள் அம்மா.

கண்டி பஸ்ஸில், கண்டக்டர் சீட்டுக்கடியில்,
இஞ்சி மூட்டைகளோடு உட்கார்ந்து வந்த பொட்டலம்.
பிரித்துக் காட்டினேன்:
ஒன்பது பல்சக்கரம், ஒன்றின் முதுகில் ஒன்று.
பெரியதில் முப்பத்தாறு பல்.
எனக்கே இருபத்தொன்பதுதான்.

விலையைச் சொல்லவில்லை.
விரலால் தூக்கிப் பார்த்து அவளே சொன்னாள்:
"பத்துப் பேரு போட்டாலும் காணாது போல."
அவளுக்கு எல்லா விலையும் பேரில்தான்.
ஒரு நாள், ஒரு மலை, ஒரு பேரு.
மருந்துக்கடைச் சம்பளம் என்னுடையது,
விருப்பமும் என்னுடையது என்று
சொல்ல நினைத்து
செயின்கட்டரைத் தேடப் போனேன்.

ஜப்பானில் யாரோ கழித்த சைக்கிள்.
தலவாக்கலை நஸ்மீர் கடையின் பின்னால்
வாஷிங் மெசின்களுக்கு நடுவே
ஒற்றைப் பெடலில் நின்றது.
பிரேமில் என்னவோ எழுதியிருந்தது.
வாசிக்க ஒருத்தருக்கும் தெரியாது.
நீலம் அடித்தபோது
அந்த எழுத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் அடித்தேன்.
யாருடைய பெயரோ.

மட்கார்ட் போனது. கெரியர், ஸ்டாண்ட், செயின்கவர்.
மழை நாளில் வீட்டுக்கு வந்தால்
முதுகில் நெடுக ஒரு சேற்றுக்கோடு.
"மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

லிந்துலைச் சந்தியிலிருந்து மேட்டு லயத்துக்கு ஏழு வளைவு.
பழைய கியரில் நாலாவதில் இறங்கித் தள்ளுவேன்.
புதியதில் இறங்கவில்லை.
கால் பறந்தது,
சக்கரம் யோசித்து யோசித்து உருண்டது.
ஆறாவது வளைவில் அல்போன்சாக்கா
குறுக்குப் பாதையில் ஏறி வந்து ரோட்டைக் கடந்தாள்.
தலையில் அரிசிப் பை.
"என்னடி, இன்னும் இங்கதானா?"
மறுபடி குறுக்கில் ஏறிப் போனாள்.
மூச்சுக்கூட வாங்கவில்லை.
நான் இறங்கவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்குக் கடைசி நிறுவை முடிந்திருந்தது.
கொழுந்துச் சாக்குகள் லொறியில்.
தராசுக் கொக்கி சும்மா தொங்கியது.
நான் அதைப் பார்த்ததை யாரோ பார்த்துவிட்டார்கள்.
கேட்கும் முன்பே நாலு பெண்கள்
சைக்கிளைத் தூக்கி மாட்டிவிட்டார்கள்.
முன்சக்கரம் மெல்லத் திரும்பி
பனியைப் பார்த்தபடி நின்றது.

முள் நின்றது. பதின்மூன்று நானூறு.

சந்தனராஜ் கணக்குப்பிள்ளை
புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல்,
வாய்ப்பழக்கத்தில்,
"சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கழி" என்றார்.

ஒரு நொடி.
பிறகு கொடுப்புப்பல் தெரியச் சிரித்தார்கள்,
கூடை குலுங்க, கொங்காணி அவிழ.
அவரும் சிரித்துவிட்டார், பாவம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.
"எழுதுங்க" என்றாள்.
"பதினொன்னு நானூறு. கழிச்சது கழிச்சதுதானே?
தினமும் எழுதுற மாதிரி எழுதுங்க."

அவர் பேனாவை மூடினார்.
பிறகு என்ன நினைத்தாரோ, திறந்தார்.

இரவு நுவரெலியாவிலிருந்து லக்‌ஷித போன் எடுத்தான்.
அவனுடைய கார்பன் சைக்கிள் பத்து கிலோ.
அதைச் சொல்லத்தான் எடுப்பான்.
"உன்னுடையது எவ்வளவு?"
பதினொன்று நானூறு என்றேன்.
நம்பவில்லை.
தோட்டத்துத் தராசு, புத்தகத்தில் பதிந்திருக்கு,
வேண்டுமானால் வந்து பார் என்றேன்.

இறக்கத்தில் பின்பிரேக் இன்னும் கத்துகிறது.
பேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தாயிற்று.
புதுசு இரண்டு பேரு.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.