பதினோரு டிகிரி

பிளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்பவர்களுக்குப்
பொருள் வடிவமைப்பு என்றால் புரிவதில்லை.
டிராயிங்கா என்கிறார் பெரியப்பா.
தச்சு வேலையா என்கிறார் எதிர்வீட்டு வக்கீல்.
இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு
நகக்கணுவில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருப்பேன்.

மரத்தைத் தொடுமுன் ஆளைப் பார்
என்பது முதல் வாரப் பாடம்.
யாருக்கு, எங்கே, எந்த வலிக்கு
என்று எழுதித் தராமல்
ரம்பத்தின் சாவியைத் தரமாட்டார் பெலிக்ஸ் சார்.

என் ஆள் செண்பகவல்லி.
கோவில்பட்டிப் பக்கம். இருபத்து நாலு வயது.
தி.நகர் ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடி, சில்க் காட்டன்.
எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில்
வாடகைக்கு இருக்கும் ஐந்து பேரில் ஒருத்தி.
இரவு பத்தரைக்கு வருவாள்.
ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து,
நின்று,
அடுத்த படி.

அளந்தேன்.
முழங்கால் மடிப்பிலிருந்து தரை, நாற்பத்தொன்று.
கவுன்டருக்கும் அலமாரிக்கும் இடையே ஐம்பத்தைந்து.
காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை
தையல் டேப்பைக் கணுக்காலில் சுற்றினேன்.
கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாள்.
வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்.

அலமாரிக்கடியில் மடங்கும் இருக்கை வரைந்தேன்.
பாரிமுனையில் நாலு கடை ஏறி இறங்கி
சத்தமில்லாத கீல் வாங்கினேன்.
ஐப்பசி மழை, பசை காயவில்லை,
அம்மாவின் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு
வொர்க்‌ஷாப்பில் இரண்டு மணி நேரம்.
மணல் மூட்டை அறுபது கிலோ வைத்தும்
முனகவில்லை பிளைவுட்.

திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
“நல்லாத்தான் இருக்கு.
எங்க ஃப்ளோர்லயும் ஸ்டூல் கெடக்கு.
சட்டம் வந்த மறுமாசம் நாலு வாங்கிப் போட்டாங்க.
பாலித்தீன்கூடப் பிரிக்கல.
உக்காந்தா கேமரா பாக்கும்லா.”

நாற்பத்தேழு பக்க ஆய்வேட்டில்
அறையை நாலு பக்கமும் வரைந்திருந்தேன்.
கூரையை வரையவில்லை.

அன்றிரவு கூரையிலிருந்து தொடங்கினேன்.
மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?
வகிடு, தோள், சேலை விரிக்கும் இரு கைகள்.
தலை நாலு சென்டிமீட்டர் தாழ்ந்தால்
அதற்குத் தெரியாது.

இடுப்புயரத்தில் ஒரு பலகை. முன்புறம் சரிவு.
எட்டு டிகிரியில் பாரம் காலிலேயே இருந்தது.
பதினைந்தில் வழுக்கிச் சுவரைப் பிடித்தாள்.
பதினொன்றில்
ஒரு பெருமூச்சு வந்தது, அவளுக்கே தெரியாமல்.
பயனர் கருத்து என்ற கட்டத்தில்
அதை எப்படி எழுதுவது?

மதிப்பிட வந்த அம்மையார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்,
இது உட்காரவா, நிற்கவா?
நிற்பதுபோல் தெரிய, என்றேன்.
வெகுநேரம் பலகையையே பார்த்தார்.
விளிம்பை இன்னும் தேய்த்திருக்கலாம் என்று
இரண்டு மதிப்பெண் குறைத்தார்.

எனக்கோ வேறொரு கணக்கு உறுத்துகிறது.
வலி கூரையில் சிவப்புப் புள்ளியாக மின்னுகிறது,
நான் இழைத்தது கீழே ஒரு பலகையை.
இதில் நான் எதைச் சரிசெய்தேன்,
எதற்கு ஒத்தாசை செய்தேன்?

பலகை இப்போது மூன்றாம் மாடியில்.
மேனேஜர் கேட்டதற்குச்
சேலை மடிக்கிற பலகை என்றாளாம்.
நேற்று பில் தாளின் பின்பக்கத்தில்
நாலு உயரங்கள் எழுதிக்கொண்டு வந்தாள்.
பெயரில்லை, எண்கள் மட்டும்.

மூன்றுக்குத்தான் பிளைவுட் இருக்கிறது என்றேன்.
கடைசி எண்ணில் விரலை வைத்து,
“இத மட்டும் விட்டுராத.
சூப்பர்வைசர் அம்மாவுக்கு.
கேமராவுல எங்களப் பாக்கவங்கதான்.
அவங்களும் நின்னுக்கிட்டேதான பாக்காங்க.”