பின்னங்கால்

மூவண்ணத் திரை ஓடி மூடியதும்
மரக்கட்டைகள் தட்டி ஓயும்.
அதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் என் ராஜ்ஜியம்.
முதல் நான்கைக் கழிப்பறை வரிசை தின்றுவிடும்.
மிச்சத்தில்தான் விசிறி, கைத்துண்டு,
தகர டப்பாவில் அரிசி வறுவல்,
வயிற்றுக்குள் சிவப்புப் பயறு கொதிக்கும் மீன் பலகாரம்.
ஊதி ஊதித் தின்பார்கள்,
கிமோனோவில் சிந்தாமல்
முகவாய்க்குக் கீழே ஒரு கையை ஏந்தியபடி.

முகத்தில் ஒட்டும் அழகுத்தாளும் உண்டு.
வீரனுக்குச் சிவப்புக் கோடு, துரோகிக்கு நீலம்.
கால்மணி நேரம் ஒட்டிப் படுத்தால் தோல் மினுங்குமாம்.
துரோகிதான் அதிகம் விற்கிறான்.

இன்று வந்தவர் எதையும் தொடவில்லை.
கோட்டில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
காலில் ரப்பர் பூட்ஸ் இல்லை,
ஆனால் இருப்பதுபோலவே நடந்தார்.
எத்தனை சோப்பு போட்டாலும் போகாத
ஏதோ ஒரு வடக்குத் துறைமுகத்தின் வாடை.

மேடைப் புகைப்படங்கள் மாட்டிய பலகையில்
மூக்கு இடிக்குமளவு நின்று பார்த்துவிட்டு,
"குதிரை இருக்கிறதா?" என்றார்.

முப்பத்தேழாம் எண்ணைக் காட்டினேன்.
தளபதி வாளை உருவும் கணம்.
எல்லாரும் கேட்பது அதைத்தான்.
குதிரையின் தலை, பிடரி, முன்னங்கால்,
அதோடு சட்டம் முடிகிறது.

"இது பாதிதானே" என்றார்.
"எனக்கு மற்றப் பாதி."

மற்றப் பாதியை எனக்குத் தெரியும்.
முனேஹிசா.
நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில்
பொடி எழுத்தில் கிடக்கும் பெயர்.
காலையில் கதவு திறக்குமுன் வந்து
நொறுங்கிய வறுவலைப் பாதி விலைக்கு வாங்கிப்போவான்.
குனிந்தே வாழ்கிறவனுக்கு எப்போதும் பசி.

கீழ்வரிசையில், தூணின் நிழலில், நாற்பத்தொன்று.
தளபதியின் முகம் அசைந்து கலங்கிப்போன படம்,
மாதம் பிறந்து ஒன்றுகூட விலைபோகாதது.
ஆனால் அதில் குதிரையின் பின்புறம்
துல்லியமாக, ஒவ்வொரு தையலும் தெரிய.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"இடது முழங்கால் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கிறது, பார்த்தீர்களா?
அலைத்தடுப்புச் சுவரிலிருந்து விழுந்தது.
விழவில்லை. நான்தான் தள்ளிவிட்டேன்.
அவனுக்குப் பதினொன்று, எனக்குப் பதினான்கு."

பின்னால் ஒரு பெண்மணி
கைத்துண்டை வைத்துக்கொண்டு இருமினாள்.

"எத்தனை இருக்கிறது?"
"ஒன்பது."
"ஒன்பதும்."
பிறகு படகில் இருப்பவர்களுக்கென்று
பன்னிரண்டு டப்பா வறுவல்.
தனித்தனிப் பையில் வேண்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம், எல்லாம் ஒரே வாய்க்குத்தான் போகும்,
இயந்திர அறைக்காரன் வாய்க்கு, என்றார்.
அப்போதுதான் ஒருமுறை சிரித்தார்.

பின்வாசல் எந்தப் பக்கம் என்று
நானாகவே சொன்னேன்.
தலையை ஆட்டினார்.
"வந்தேன் என்று சொல்லிவிடாதீர்கள்."
மணி அடித்தது.
டப்பாக்கள் ஒன்றோடொன்று முட்டிக் கணகணக்க
மூன்றாம் மாடிக்கு ஏறினார்,
மலிவு இருக்கைக்கு.
அங்கிருந்து பார்த்தால்
குதிரையின் முதுகுதான் தெரியும்.

அடுத்த அங்கத்தில் நான் கல்லாவை எண்ணினேன்.
சுவருக்கு அப்பால் கைத்தட்டல்.
தளபதிக்கான தட்டல் முடிந்த பிறகும்
மேலேயிருந்து ஒற்றை ஜோடிக் கை
சற்று நேரம் நிற்காமல்.
ஒருவேளை அது வேறு யாராகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை, வழக்கம்போல, நொறுங்கல் பை.
நாற்பத்தொன்றின் மேல் நான் ஒட்டியிருந்த
'தீர்ந்துவிட்டது' சீட்டைப் பார்த்து
முனேஹிசா குழம்பினான்.
"இதை எந்தப் பைத்தியம் வாங்கியது?"

இடது முழங்காலை மேசையில் ஊன்றி
பதிலுக்காக நின்றான்.

"பாக்கி நாற்பது யென்" என்றேன்,
எண்ணி, அவன் உள்ளங்கையில் வைத்தேன்.