பைய

பெர்ஷியா நாலாம் வகுப்பு.
கடன் வாங்கிக் கழித்தலில்
தாளில் ஓட்டை விழும்வரை அழிக்கிறாள்.
மழைக்கு வீட்டுக்குள் தொங்கவிட்ட
ரப்பர் ஷீட்டுகளின் வாடையில்
ஒரு சின்ன ரப்பர் தேய்ந்து உதிர்கிறது.

"சவமே, உனக்கு
எதாவது உருப்படியா வருமா?"

யாரைச் சொல்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன்.
வேறு யாரும் இல்லை.

அந்தச் சொல் என்னுடையது.
அந்த இழுப்பும், முடிவில் வரும் 'ச்ச்'சும்கூட.
அவளை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை,
குருசடியில் வந்து சத்தியம் செய்வேன்.
என்னைத்தான் சொல்வேன்.
பால் பொங்கி அடுப்பை அணைத்தபோது,
சாவியை உள்ளே வைத்துப் பூட்டியபோது,
முப்பத்தாறு வயதில் ஸ்கூட்டர் பழகப்போய்
வேர்கிளம்பியில் பந்து விளையாடும் பையன்கள் முன்னால்
விழுந்தபோது.
பிள்ளை ஓடிவந்து
என் செருப்பை எடுத்துத் தந்தது.
சொல்லையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

லைசென்ஸ் வந்த சனிக்கிழமை
அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கருங்கல் சந்தைக்கு.
ஏற்றத்தின் பாதியில் பயந்து நிறுத்திவிட்டேன்.
பின்னால் மார்த்தாண்டம் பஸ்.
ஹார்னில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை.
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, ச—
இடுப்பைப் பிடித்திருந்த இரண்டு சின்னக் கைகள்
கேட்டுக்கொண்டிருந்தன.

நல்ல வார்த்தை தேடினேன்.
எனக்கு நானே சொல்ல
ஒன்றுகூடக் கைவசம் இல்லை.
'நீ கெட்டிக்காரி' என்றால் எனக்கே சிரிப்பு வரும்.
கண்ணில் பட்டதைச் சொன்னேன், சத்தமாக:
"செரி. பிரேக் பிடிச்சாச்சு.
கால் தரையில இருக்கு.
இனி பைய முறுக்கு. பைய."

பஸ்காரன் என்னமோ திட்டியபடி கடந்துபோனான்.
மரச்சீனி வாங்கினோம், நெத்தோலி வாங்கினோம்,
மாங்காய் மறந்துவிட்டது.

ராத்திரி மறுபடி கணக்கு.
ஐம்பத்து மூன்றில் இருபத்தொன்பது.
கதவுக்கு இப்புறம் நின்றேன்.
"ச..." என்று தொடங்கினாள்.
மழை கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.

"செரி. மூணுல ஒம்பது போவாது.
பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கியாச்சு.
பதிமூணுல ஒம்பது போனா நாலு.
இனி பைய. அஞ்சுல ரெண்டு..."

முப்பத்து நான்கு என்று எழுதினாள்.
கடன் கொடுத்த ஐந்து
இன்னும் ஐந்தாகவே இருப்பதாக நினைப்பு.

பிறகு பென்சிலைக் கடித்தபடி
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்றத்தின் பாதி.
நான் ஹார்ன் அடிக்கவில்லை.